கடைசி ஓட்டல்

லான்ஸ்டவுன் கோர்ட் ஓட்டல்,
பாத்.
மே 11, 1993

அன்புள்ள ஜெஃப்ரி,

ஈஸ்டர் அன்று நீ போனைப் படாரென்று வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். ஆனால் நீ படித்து முடித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

தாளின் தலைப்பைப் பார்த்திருப்பாய். அப்பாவை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டி வந்திருக்கிறேன். பாத், யார்க், எடின்பரோ. ஒவ்வோர் ஊரிலும் பெரிய ஓட்டல். அம்மா இருந்தவரை வருஷா வருஷம் பிரிட்லிங்டனில் அதே சின்ன விடுதி, கடலுக்கு முதுகு காட்டும் அதே அறை. பெரிய ஓட்டல் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பாள். "அதெல்லாம் நமக்கில்ல ஐரீன்" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அம்மாவுக்குக் கிடைக்காததை அவருக்காவது கொடுக்க நினைத்தேன். மால்கம் வரவில்லை, நாயோடு ஹாரோகேட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

வாசலில் காவலாளி தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். அப்பாவும் தன் தொப்பியைத் தூக்கினார். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தார். "நல்ல தோல். ஆனா ஒரு சைஸ் சின்னதைப் போட்டுக்கிட்டு நிக்கிறான், பாவம்" என்றார். ஹாலிஃபாக்ஸில் செருப்புக் கடையை மூடி இத்தனை வருஷமாகியும் அவர் ஊரை முழங்காலுக்குக் கீழேதான் பார்க்கிறார். இங்கே ராத்திரி ஷூவைக் கதவுக்கு வெளியே வைத்தால் துடைத்து வைப்பார்கள். அப்பா அதைத் தானே பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் வெளியே வைக்கிறார். துடைக்கிற ஆள் கேவலமாக நினைத்துவிடக் கூடாதாம். காலையில் பணிப்பெண் வருவதற்குள் படுக்கையையும் விரித்துச் சரி செய்துவிடுகிறார்.

ரோமானியர்கள் கட்டிய குளத்தைப் பார்த்தோம். பக்கத்தில் அந்த ஊற்றுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் தந்தார்கள். வெதுவெதுப்பாக, துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த மாதிரி இருந்தது. நான் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. அப்பா முழுவதையும் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, நன்றி" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டில் அவருடைய மீன் முள்ளோரம் வேகவே இல்லை. பரிமாறுபவன் வந்து "எல்லாம் சரியா இருக்கா சார்?" என்று கேட்டான். "ரொம்ப நல்லா இருக்கு, நன்றி." கடைசித் துண்டுவரை தின்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எடின்பரோவுக்குப் பிறகு இன்னோர் இடம் இருக்கிறது. ஸ்கிப்டன் பக்கத்தில் தார்ன்பெக் ஹால் என்று ஒரு பழைய மாளிகை. அதுதான் நம் கடைசி ஓட்டல் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அது ஓட்டல் இல்லை, முதியோர் இல்லம். அவருக்கு ஓர் அறை எடுத்திருக்கிறேன். அவர் இங்கே இருக்கும்போதே வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை வந்துவிடும்.

நான் அவரைக் கேட்காமல் செய்யவில்லை. மார்ச்சில் கேட்டேன். "யாராவது கூட இருந்து பார்த்துக்கிற இடம்னா எப்படிப்பா இருக்கும்?" "நல்லாத்தான் இருக்கும், கண்ணு" என்றார். அதன் பிறகு நான் கொடுத்த அந்த இல்லத்தின் படப் புத்தகத்தைக் கடிகாரத்துக்கு அடியில் செருகியவர் அதை எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தச் சுற்று வழி. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். அனுமதி கேட்கவில்லை.

அன்புடன்,
ஹிலரி


பிளிமத்
மே 13

ஹிலரி,

கிழிக்கவில்லை. மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது, எழுதியது என் அக்காதானா என்று.

எண்பதை நெருங்கும் மனிதரை ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, பட்டுத் தலையணையில் படுக்கவைத்து, கடைசியில் ஒரு வாசலில் இறக்கிவிட்டு நீ மட்டும் காரைத் திருப்பப் போகிறாய். கசாப்புக் கடைக்குப் போகிற ஆட்டுக்குக்கூட இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

அவர் 'நல்லாத்தான் இருக்கும்' என்றாராம். ஹிலரி, அந்த மீனும் நல்லாத்தான் இருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரும் நல்லாத்தான் இருந்தது. அதே கடிதத்தில் அதே கையால் இரண்டையும் எழுதியிருக்கிறாய், கண்ணில் படவில்லையா?

நம் அப்பா வெளியில் ஒரு குறை சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? வீட்டில் எப்படி இருப்பார்? அம்மா கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டிறைச்சி வறுத்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "ஐரீன், இது கிரேவியா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டார். புட்டிங் உப்பவில்லை, உருளைக்கிழங்கு வேகவில்லை, நாற்காலி ஆடுகிறது, ஜெஃப்ரி குனிந்து உட்கார்கிறான். அதுதான் அப்பா. குறை சொல்கிற இடம்தான் அவருக்கு வீடு. நன்றி சொல்கிற இடமெல்லாம் வெளியூர்.

அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடு. நேராக, முகத்தைப் பார்த்து. அவர் சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்லாவிட்டால் நான் அவருக்கே எழுதுவேன்.

ஜெஃப்ரி


செயின்ட் பெகா ஓட்டல்,
யார்க்.
மே 16

ஜெஃப்ரி,

உன் கடிதத்தை வரவேற்பில் இருந்த பெண் அப்பா முன்னாலேயே நீட்டினாள். "யாரு, ஜெஃப்ரியா? நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறான் என்றேன். இந்தக் குடும்பத்தில் வேறென்ன பதில் இருக்கிறது?

ஜனவரியில் அவர் மாடிப்படியில் விழுந்ததை உனக்குச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. இப்போது கேள். காலையில் பால்காரர் வந்தார். விழுந்த சத்தமோ முனகலோ ஏதோ காதில் பட்டு, கதவில் இருக்கும் தபால் துவாரத்தைத் திறந்து, "ஏக்ராய்ட் சார், எல்லாம் சரிதானே?" என்று கேட்டிருக்கிறார். நம் அப்பா, இடுப்பைத் தூக்க முடியாமல் கூடத்துத் தரையில் கிடந்தவர், "நல்லா இருக்கேன், நன்றி. இன்னைக்கு ஒரு பாட்டில் போதும்" என்றார். பால்காரர் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மதியம் போய்ப் பார்க்கும்போது அவர் உதடு நீலமாக இருந்தது. "அவருக்குப் பால் போட நிறைய வீடு இருக்குல்ல, எதுக்குத் தொந்தரவு" என்றார்.

இப்போது சொல். இப்படிப்பட்டவரை நான் தனியாக விட வேண்டுமா? வாரம் மூன்று தடவை வேலை முடிந்து ஹாரோகேட்டிலிருந்து ஓடுகிறேன். மால்கமுக்கு மூச்சு வாங்குகிறது, எங்கள் வீட்டில் கீழே ஓர் அறை கிடையாது. நீ வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாய், கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் ஷெர்ரியோடு. அப்பாவைப் பற்றி அழகாக எழுத உனக்கு வரும். அவருக்குக் கால் நகம் வெட்டிவிட உனக்கு வருமா?

சொல்லத்தான் முயன்றேன். நேற்று பேராலயத்தில், வண்ணக் கண்ணாடி வெளிச்சம் தரையில் விழுந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல அமைதி. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து, கல்லில் செதுக்கிப் படுக்கவைத்திருந்த யாரோ ஒரு பிரபுவின் காலடிக்குப் போய்விட்டார். கூர்முனைக் கல் செருப்பு, அடியில் ஒரு கல் நாய்.

"இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு இவன் கடைத்தெரு வரைக்கும்கூட நடந்திருக்க மாட்டான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு கண்ணு. இப்படி நீட்டிப் படுக்க வச்சுட்டா அப்புறம் செருப்பு தேயிறதே இல்ல."

நான் என்ன சொல்ல வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹிலரி


பிளிமத்
மே 18

ஹிலரி,

பால்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கால் நகத்தைப் பற்றிச் சொன்னது முழு நியாயம்.

அப்படியென்றால் ஏன் நீ கூட்டிப்போய் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஈஸ்டரில் கேட்டாய். நான் கத்திவிட்டுப் போனை வைத்தேன். பதில் இதுதான். பாலின் இனி என்னோடு வாழ முடியாது என்று பிப்ரவரியிலேயே போய்விட்டாள். வீடு கைமாறுகிறது. நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறேன், காலையில் கீழே டிரில் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆபீஸில் வரைபடப் பிரிவை ஆகஸ்டில் மூடுகிறார்கள், அதோடு நானும் வெளியே. உனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டால், நல்லா இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. நானும் அவர் பிள்ளைதானே.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. ஆனால் அவருடையதை அவரிடம் சொல்லிவிடு. தயவு செய்து.

ஜெஃப்ரி


பால்ஃபர் ஹவுஸ் ஓட்டல்,
எடின்பரோ.
மே 21

அன்புள்ள ஜெஃப்ரி,

பாலின் விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. எனக்கு அவளை எப்போதுமே பிடிக்காது என்று இப்போது சொல்லலாமா? சரி, சொல்லவில்லை.

இங்கே ஜன்னலைத் திறந்தால் கோட்டை. அறையில் பழத்தட்டு, தடித்த அங்கி, கதவுக்கு வெளியே கம்பளம். அப்பா அந்தக் கம்பளத்தில் நடுவே மிதிக்காமல் ஓரமாக நடக்கிறார். கோட்டைக்கு டாக்ஸியில் ஏறினோம். மதில் ஓரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். "அப்பா, அடுத்ததாப் போற இடம்" என்றேன். கோட்டையில் தினமும் ஒரு மணிக்குச் சுடுகிற பீரங்கி வெடித்தது. பக்கத்தில் ஒரு பெண் குடையைக் கீழே போட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து "சரியா இருக்கு" என்றார். நீ சிரிப்பாய். கோழைக்குச் சாக்கு எங்கிருந்தெல்லாம் வருகிறது பார்.

மாலை ஓட்டலில் தேநீர். மூன்றடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன், கேக். அவரே ஆரம்பித்தார்.

"அடுத்த இடம் எப்படி கண்ணு?"

"பழைய மாளிகைப்பா. பெரிய தோட்டம் இருக்கு."

"சாப்பாடு அவங்களே போட்டுடுவாங்களா?"

"ஆமா."

"எத்தனை நாளு?"

"பார்க்கலாம்ப்பா."

"சரி" என்று ஸ்கோனுக்கு ஜாம் தடவினார். பிறகு அதை என் தட்டில் வைத்தார்.

ஒரு நல்ல விஷயம் சொல்கிறேன். இங்கே சுமை தூக்குகிற டூகல் என்று ஒரு ஆள், அப்பாவின் அதே கால் அளவு. அவனுடைய ஷூ அடியில் வாயைப் பிளந்திருந்ததை அப்பா முதல் நாளே பார்த்துவிட்டார். இன்று காலை தன்னுடைய நடை ஷூவை, கடையை மூடும்போது தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாரே அந்தப் பழுப்பு ஜோடியை, துடைத்துக் காகிதத்தில் சுற்றி அவனிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு இனிமே இதுக்கு வேலை இல்லப்பா, நீ நட" என்றார். அவன் வாங்க மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அப்பாவின் மனசு எப்போதுமே அப்படித்தான்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். வழியில் காரில் சொல்லிவிடுவேன். காரில் என்றால் அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

ஹிலரி


பிளிமத்
மே 24

ஹிலரி,

இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்தே ஹாரோகேட் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

ஆயுள் முழுக்கச் செருப்பு விற்ற மனிதர் தன் நடை ஷூவைத் தானம் கொடுத்துவிட்டு இனி இதற்கு வேலை இல்லை என்கிறார். நீ அதை ஒரு நல்ல செய்தியாக எனக்கு எழுதுகிறாய்.

அவருக்குத் தெரியும், ஹிலரி. எப்போதிருந்து என்று தெரியாது. அந்தப் படப் புத்தகத்தைக் கடிகாரத்துக்கு அடியில் வைத்தாரே, அந்த வாசல் படத்தை அவர் மறந்திருப்பார் என்றா நினைத்தாய்?

ஜெஃப்ரி


ஹாரோகேட்
மே 29

ஜெஃப்ரி,

காரில் சொல்லவில்லை.

தார்ன்பெக் வாசலில் சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் பூச்செடி. அப்பா இறங்கி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, மற்ற ஓட்டல்களில் செய்தது போலவே நேராக மேஜைக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருப்பவள் திருமதி லிஸ்டர், நல்ல மாதிரி. அவளிடம் எல்லாம் முன்பே பேசி வைத்திருந்தேன். "கையெழுத்து போடணுமாம்மா?" என்று கேட்டார். அவள் சமாளித்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் எழுதும் நோட்டை எடுத்து வைத்தாள். பெயர் எழுதினார். ஊர், ஹாலிஃபாக்ஸ் என்று எழுதினார். வந்த நேரம் எழுதினார். அடுத்த கட்டத்தில் கிளம்பும் நேரம் என்று போட்டிருந்தது. பேனாவை அங்கே வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குதிரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அறையில் அவர் சட்டைகளை நான் அலமாரியில் தொங்கவிட்டேன். ஜன்னல் வழியாக ஆடு மேய்கிற மேடு தெரிகிறது, நல்ல அறைதான். "அப்பா, இது வந்து..." என்றேன். இந்த முறை பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை. "அழகான இடம் கண்ணு" என்றார். "மழை வர்ற மாதிரி இருக்கு, வெளிச்சம் இருக்கும்போதே நீ கிளம்பு." நான் கிளம்பிவிட்டேன், ஜெஃப்ரி. அவர் அனுமதி கொடுத்தார், நான் எடுத்துக்கொண்டேன்.

தினமும் போன் செய்கிறேன். "உங்க அப்பாவா, தங்கமான மனுஷர். எது கொடுத்தாலும் ரொம்ப நல்லா இருக்கு நன்றின்னு சொல்றார். ஒரு தொந்தரவு இல்ல" என்கிறாள் லிஸ்டர். கேட்டதும் போனை வைத்துவிடுகிறேன். உன்னால்தான். குறை சொல்கிற இடம்தான் வீடு என்று எழுதித் தொலைத்தாயே, அதை மறக்க முடியவில்லை.

நீ போய் அவரைப் பார். என்னால் முடியவில்லை. போனால் அவர் என்னிடம் நன்றி சொல்வார்.

ஹிலரி


ஸ்கிப்டன்
ஜூன் 6

அன்புள்ள ஹிலரி,

நேற்று போனேன். ஸ்கிப்டன் வரை ரயில், பிறகு பஸ். இப்போது இங்கே ஒரு மதுக்கடையின் மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூடத்தில் எல்லாரும் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் வாசலைப் பார்த்த நாற்காலியில், மேல்கோட்டைக் கழற்றாமல், முழங்காலில் தொப்பியோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து கை குலுக்கினார். அறைக்குக் கூட்டிப் போனார். நீ தொங்கவிட்ட சட்டை ஒன்றுகூட அலமாரியில் இல்லை. எல்லாம் பெட்டிக்குள். பெட்டி கதவோரம். படுக்கை யாரும் படுக்காத மாதிரி இருந்தது.

"எப்படிப்பா இருக்கு இங்க?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"சாப்பாடு?"

"ரொம்ப நல்லா இருக்கு."

மதியம் நானும் அங்கேயே சாப்பிட்டேன். அந்த முட்டைக்கோஸ் சாம்பல் நிறத்தில் இருந்தது. திருமதி லிஸ்டர் வந்து எல்லாம் சரியா என்று கேட்டாள். அவர் சொன்னதை எழுத வேண்டியதில்லை.

சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். தினமும் ராத்திரி ஷூவைப் பளபளவென்று துடைத்து வெளியே வைக்கிறாராம். காலையில் அப்படியே எடுத்துக்கொள்கிறாராம். "இங்க யாரும் தொடைக்க மாட்டாங்க சார்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறார்" என்றாள். புத்தி தடுமாறுகிறதோ என்று அவளுக்குக் கவலை. எனக்கும் ஒரு நிமிஷம் திக்கென்றது.

அவரிடமே கேட்டேன். "அப்பா, இது ஓட்டல் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா. படத்துல பாத்த வாசல்தானே."

"அப்புறம் எதுக்கு ஷூவை வெளியே வைக்கிறீங்க?"

"உங்க அக்கா ஓட்டல்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தா. வைக்கலைன்னா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே."

ஹிலரி, இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவர் சொன்னபோது கோபமே இல்லை, குடையை மறந்து வைத்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அவரை எப்படிச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு வரச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. வாய்க்கு வந்தது இதுதான். "அப்பா, பாலின் போயிட்டா. வீடும் இல்ல, ஆகஸ்டுக்கு அப்புறம் வேலையும் இல்ல. எனக்கு எங்கயும் இடம் இல்லப்பா."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"குதிகால் ஒரு பக்கமாத் தேஞ்சு போயிருக்கு. எத்தனை மாசமாடா இப்படி நடக்குற? அறிவு இருக்கா உனக்கு?" நிமிர்ந்தார். "இப்படிக் குனிஞ்சுக்கிட்டே நடந்தா எவ கூட இருப்பா?" பிறகு கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார். "அந்த முட்டைக்கோஸைப் போன வாரமே வேக வச்சிருப்பாங்க போல. மனுஷன் திம்பானா அதை?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹாலிஃபாக்ஸ் வீட்டு மாடியில் என் பழைய அறை சும்மாதானே கிடக்கிறது என்றார். அவருக்குப் படி ஏற முடியாது, கீழே முன்னறையில் கட்டில் போட்டால் போதும் என்றார். "உனக்காகத்தான் சொல்றேன். எனக்காக இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை கூட்டிப் போகிறேன். பெட்டி கட்டியே இருக்கிறது. வாசலில் நீ நட்ட பலகையைப் பிடுங்கச் சொல்.

ஜெஃப்ரி


ஹாரோகேட்
ஜூன் 8

ஜெஃப்ரி,

பலகையை எடுக்கச் சொல்லிவிட்டேன். கட்டிலை இறக்க மால்கம் இரண்டு ஆளைப் பிடித்திருக்கிறார். குளியலறையில் கைப்பிடி வைக்க வேண்டும், மறக்காதே. மாத்திரை காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். பால்காரரிடம் நானே பேசிவிட்டேன். அந்த வீட்டிலிருந்து நல்லா இருக்கேன் என்று யார் சொன்னாலும், அது நீயாகவே இருந்தாலும், நம்பாமல் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஷூ விஷயத்தைப் பற்றி என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஹிலரி


ஹாலிஃபாக்ஸ்
ஜூன் 14

அன்புள்ள ஹிலரி,

தார்ன்பெக்கிலிருந்து வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டாக்ஸிக்காரன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டான். பாத்தில் கொடுத்த மீன் உயிரோடு இருந்ததாம். அந்தத் தண்ணீரைக் குடித்த ரோமானியர்கள் ஊருக்கு ஓடிப்போனதில் ஆச்சரியமே இல்லையாம். யார்க்கில் தலையணை செங்கல். எடின்பரோவில் கஞ்சியில் உப்பைக் கொட்டியிருந்தார்கள், பழத்தட்டில் இருந்த பேரிக்காயால் ஜன்னலை உடைக்கலாம். அந்தக் காவலாளிக்குச் சரியான அளவு ஷூ வாங்கித் தராத முதலாளியைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமேப்பா?" என்றேன்.

"எப்படிடா சொல்றது? ஒவ்வொரு தட்டு வரும்போதும் அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா."

இங்கே வந்து சேர்ந்ததும் கட்டில் போட்டிருக்கிற திசை தப்பு என்றார். என் கிரேவியைப் பற்றி அவர் சொன்னதைத் தாளில் எழுத முடியாது. நேற்று என் ஷூவுக்குப் புதுக் குதிகால் அடித்தார், கை நடுங்குகிறது, கோணலாகத்தான் வந்தது, குனிந்து நடப்பதால் என் கால்தான் கோணல் என்கிறார். எனக்கு எல்லாம் சுலபமாக இருக்கிறது என்று நினைக்காதே. கால் நகம் வெட்டினேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வருகிற ஞாயிறு தந்தையர் தினம். மால்கமோடு சாப்பிட வா. அவர் உன்னைக் கேட்கிறார்.

ஜெஃப்ரி


ஹாரோகேட்
ஜூன் 21

அன்புள்ள ஜெஃப்ரி,

போனில் பேசியிருக்கலாம், இப்போது சண்டைகூட இல்லை. ஆனால் போனில் என்றால் அழுதுவிடுவேன். உனக்கு அழுகையைக் கேட்கப் பிடிக்காது.

நேற்று நல்ல நாள் என்று மால்கம் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா முகத்தில் களை திரும்பியிருக்கிறது. உன் கிரேவியைத் திட்டினார். உருளைக்கிழங்கைத் திட்டினார். நாற்காலி ஆடுகிறது என்றார். கத்தி மொண்ணை என்றார். மால்கம் காரை வாசலுக்கு நேராக நிறுத்தவில்லை என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார். நீ எனக்குக் கண்ணடித்தாய். நானும் சிரித்தேன்.

பிறகு நான் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பையை வைத்தேன். அம்மாவின் பக்குவம். அடி கருகியிருந்தது எனக்கே தெரியும், பதற்றத்தில் அடுப்பை மறந்துவிட்டேன். அவருக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எப்படிப்பா இருக்கு?"

கருகினதையும் சேர்த்து மென்று விழுங்கினார். துணியால் வாயைத் துடைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு ஹிலரி. நன்றி" என்றார்.

கண்ணு என்றுகூடச் சொல்லவில்லை, கவனித்தாயா? நீ அப்போது தட்டுகளை எடுக்க ஆரம்பித்துவிட்டாய். கிளம்பும்போது எனக்குக் கோட்டை மாட்டிவிட்டார், வாசல்வரை வந்தார், இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றார். தொப்பி இருந்திருந்தால் தூக்கியிருப்பார்.

அவர் கோபமாக இல்லை என்று நீ சொல்வாய். தெரியும். கோபமாக இருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன். அதே ஆப்பிள் பையைத்தான் சுட்டுக் கொண்டுவருவேன், இன்னும் கருக்கி, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு. நீ அவருக்கு உதவிக்கு வராதே, ஒரு வார்த்தை பேசாதே. ஒருநாள் அவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன கண்றாவி என்று என் மூஞ்சிக்கு நேராகக் கேட்க வேண்டும். அதுவரை வந்துகொண்டே இருப்பேன்.

ஹிலரி